நீலகிரிச் சிரிப்பான்

நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி மலையின் உயர்ந்த பகுதிகளிலும் அதை அடுத்துத் தெற்கே இருக்கும் சிறுவாணி, முத்திக்குளம் மலைகளிலும் வாழும் பாடும் பறவை. உலகில் வேறெங்கும் இது கிடையாது. லியோத்ரிக்கிடே என்னும் சிலம்பன் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் மான்டிசிங்க்லா கக்கின்னன்ஸ். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேலேதான் இதைக் காணலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறுகிறவருக்குப் பர்லியாறில் இதன் குரல் கேட்காது, குன்னூரில் கேட்கும். ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்து வீடுகளில் வேலியோரம் வந்துபோகும் பழகிய பறவை என்பதால், இது உலகில் எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கே பெரும்பாலும் தோன்றுவதில்லை.

பாடும் பறவை என்பது பறவையியலில் ஒரு வகுப்பின் பெயர். குரல் உறுப்பின் தசைகள் நன்கு வளர்ந்த பறவைகள் எல்லாம் இதில் அடங்கும். காகமும் இந்த வகுப்புதான். ஆகவே சிரிப்பான் பாடுகிறதா, சிரிக்கிறதா, கத்துகிறதா என்ற கேள்விக்கு வகைப்பாட்டில் இடமில்லை.

பெயர்

ஆங்கிலேயர் இந்தக் கூட்டத்துப் பறவைகளுக்குச் 'சிரிக்கும் த்ரஷ்' என்று பெயர் வைத்தனர். பெயரின் முற்பாதி சரி, பிற்பாதி பிழை. த்ரஷ் எனப்படும் பூங்குருவிகளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. சமவெளித் தோட்டங்களில் ஏழெட்டாகக் கூடிச் சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிதான் இதற்குப் பங்காளி முறை. தமிழில் சிரிப்பான் என்று மட்டும் வழங்குவதால் அந்தப் பிழை நம்மிடம் ஒட்டவில்லை.

மலையாளத்தில் இதற்குச் சிலுசிலப்பன் என்று பெயர். அதிலுள்ள சிலப்பன் என்ற சொல்லை எடுத்து நீலகிரிச் சிலப்பன், பழனிச் சிலப்பன் என்று ஆங்கிலத்திலும் எழுதும் வழக்கம் அண்மையில் வந்திருக்கிறது. தமிழ்ப் பறவை நூல்களில் இக்குடும்பத்துக்கு வழங்கும் சிலம்பன் என்ற சொல்லும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சிலம்புதல் என்றால் ஒலித்தல். சிலம்பு என்றால் மலை என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு, குறிஞ்சி நிலத் தலைவனுக்குச் சிலம்பன் என்பது ஒரு பெயர். மலையில் வாழ்ந்து ஓயாமல் ஒலிக்கும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் சிரிப்பான் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையும் அதையே கொள்கிறது.

தோற்றம்

ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், மைனாவைவிடச் சற்றுச் சிறியது. உச்சந்தலை கருஞ்சாம்பல் கலந்த பழுப்பு. முதுகும் இறக்கையும் வாலும் மங்கிய பச்சை ஓடிய பழுப்பு, ஈரச் சருகின் நிறம். முகவாயும், அலகுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதியும் கருப்பு. கண்ணுக்கு மேலே அகன்ற வெள்ளைப் புருவம் பின்னோக்கி ஓடும். இருட்டான புதருக்குள்ளும் முதலில் தெரிவது இந்தப் புருவம்தான். கன்னம், தொண்டை, மார்பு, வயிறு எல்லாம் செம்பழுப்பு. அலகும் கருப்பு.

மார்பின் இந்தச் செம்பழுப்பே மற்ற மூன்று தென்னிந்திய உறவுகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது. அவற்றின் மார்பு சாம்பல் நிறம். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இறக்கை குட்டையானது, நுனி வளைந்தது. கால்கள் வலுவானவை. இது பறப்பதற்கு அமைந்த உடல் அல்ல, தாவுவதற்கும் தத்துவதற்கும் அமைந்தது. ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்கு நாலைந்து இறக்கையடிப்பில் சறுக்கிப் போய் உள்ளே மறைந்துவிடும். திறந்த வெளியில் நீண்ட தூரம் பறக்கும் வழக்கம் இதற்கு இல்லை. வகைப்பாட்டு வரலாறு முழுவதும் இந்தக் குட்டை இறக்கையைச் சுற்றித்தான் சுழல்கிறது.

பெயரிடலும் வகைப்பாடும்

இப்பறவையை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் (1811–1872). சென்னை ராணுவத்தில் அறுவை மருத்துவர். 1836இல் சென்னைக்கு வந்து சேர்ந்து, படைப்பிரிவுடன் ஊர் ஊராகப் போனபோதெல்லாம் பறவை சேர்த்தார். தீபகற்ப இந்தியாவின் பறவைகளுக்கு அவர் எழுதிய பட்டியல் 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்டு சயின்ஸ்' இதழில் தொடராக வந்தது. அதில் 1839இல் நீலகிரிப் பறவை ஒன்றுக்குக் கிராட்டெரோப்பஸ் கக்கின்னன்ஸ் என்று பெயர் சூட்டினார். கக்கின்னன்ஸ் என்றால் இலத்தீனில் 'உரக்கச் சிரிப்பது'. கிராட்டெரோப்பஸ் என்பது சிலம்பன் மாதிரி எது கிடைத்தாலும் அக்காலத்தார் போட்டுவைத்த சாக்குமூட்டை. மூட்டை மாறிக்கொண்டே வந்திருக்கிறது, சிரிப்பு மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஜெர்டனைப் பற்றிச் சிறிது சொல்லத் தகும். 1841இல் நீலகிரியில்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. பின்னர் நெல்லூரிலும் தலச்சேரியிலும் பணியாற்றினார். பறவையோடு நிற்காமல் மீன், ஊர்வன, எறும்பு என்று எல்லாவற்றையும் எழுதினார். குதித்துப் பிடிக்கும் ஓர் எறும்பினத்தை 1851இல் விவரித்தவரும் அவரே. 1862க்கும் 1864க்கும் இடையில் வந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் நெடுங்காலம் கைநூலாக இருந்தது. அதில் அறிவியல் பெயருடன் தமிழ், தெலுங்கு, இந்திப் பெயர்களையும் கேட்டறிந்து சேர்த்திருக்கிறார். அதற்கு முன்பே சென்னையில் வெளியிட்ட படநூலுக்குப் பெரும்பாலான ஓவியங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். கடப்பைப் பக்கத்து முள்காட்டில் ஓடித் திரியும் ஒரு பறவை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அதை 1848இல் விவரித்தவர் எட்வர்டு பிளைத் என்ற பறவையியலாளர். இடையில் எண்பது ஆண்டுகளுக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1986இல் மீண்டும் கிடைத்தது.

ஜெர்டனுக்குப் பின் நீலகிரிப் பறவைகளைப் பற்றி எழுதியவர்களுள் வில்லியம் டேவிசன் முக்கியமானவர். ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்காகப் பறவை சேகரித்தவர். நீலகிரி, வயநாடு, தென் மைசூர் பகுதிகளின் பறவைகள் குறித்த இவருடைய நீண்ட கட்டுரை 1883இல் ஹியூமின் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் வந்தது. அதே காலத்தில் கோத்தகிரியில் மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணி பறவைகளையும் செடிகொடிகளையும் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். சேலத்தில் கலெக்டராக இருந்து ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுவந்த காக்பர்னின் மகள் இவர். மலையை விட்டு அதிகம் இறங்காமல், எந்தக் கழகத்திலும் பதவியில் இல்லாமல், கூடும் முட்டையும் பற்றிய குறிப்புகளை ஹியூமுக்கு எழுதி அனுப்பியபடி இருந்தார். இவருடைய ஓவியங்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்தியப் பறவைகளின் கூடுகள், முட்டைகள் பற்றி ஹியூம் 1873இல் வெளியிட்ட நூலில் நீலகிரிப் பகுதியின் செய்திகள் செறிவாக இருப்பதற்குப் பெரிய காரணம் இவ்விருவர்தாம்.

ஹியூமின் கதை வேறு விதமாக முடிந்தது. பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த பறவைக் கையெழுத்துப் படிகளைச் சிம்லாவில் ஒரு வேலையாள் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். மனம் வெறுத்த ஹியூம், எழுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களை 1885இல் இலண்டனுக்குக் கொடுத்துவிட்டுப் பறவையியலைக் கைவிட்டார். அதே ஆண்டில் அவர் முன்னின்று தொடங்கிய இந்திய தேசிய காங்கிரஸைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.

நீலகிரிப் பறவைக்குப் பெயர் வைத்த பிறகு, அதன் உறவுகள் ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத் 1851இல் வடக்கே குடகு, வயநாட்டு மலைகளின் பறவைக்கு ஜெர்டனின் பெயரையே இட்டு 'ஜெர்டோனி' என்றார். இன்று அது பாணாசுரச் சிரிப்பான். பழனி மலைப் பறவையைச் சேகரித்தவர் சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். மராத்தி நாட்டில் சமயப்பணி, பழனி மலையில் பறவை என்று காலம் கழித்தவர். அவர் பெயரால் அதை 1869இல் 'ஃபேர்பேங்கி' என விவரித்தவர் வில்லியம் பிளான்ஃபோர்டு. திருவிதாங்கூரின் தென்கோடி மலையில் கிடைத்த நான்காவது பறவைக்கு 'தெற்கத்தியது' என்று பொருள்படும் 'மெரிடியோனாலிஸ்' என்ற பெயரை 1880இல் வைத்தவரும் அவரே. அது அசம்புச் சிரிப்பான்.

நான்கும் அடிப்படையில் ஒரே அச்சில் வார்த்தவை. புருவத்தையும் மார்பையும் பார்த்தே பிரிக்க வேண்டும். நீலகிரிச் சிரிப்பானுக்கும் பாணாசுரச் சிரிப்பானுக்கும் முகவாய் கருப்பு, ஆனால் பின்னதற்குத் தொண்டையும் மார்பும் சாம்பல் நிறம். பழனிச் சிரிப்பானுக்குச் சாம்பல் மார்பில் கோடுகள் ஓடும், வயிறு செம்பழுப்பு, வெண்புருவம் கண்ணைத் தாண்டி நீளும். அசம்புச் சிரிப்பானுக்கு ஏறக்குறைய அதே உடைதான், ஆனால் புருவம் கண்ணருகிலேயே நின்றுவிடும். இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கு நான்கு இனம் தேவையா என்று இருபதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் எண்ணினர். நான்கையும் இரண்டாக்கினர். செம்பழுப்பு மார்புள்ள நீலகிரிப் பறவை ஓர் இனம், சாம்பல் மார்புள்ள மற்ற மூன்றும் ஓர் இனம். பறவையியலாளர்கள் சாலிம் அலியும் ரிப்ளேயும் எழுதிய பெருங்கைநூலும் இவ்வழியே சென்றது. பேரினப் பெயரும் சும்மா இருக்கவில்லை. டிரோக்கலாப்டெரான், கருலாக்ஸ், ஸ்ட்ரோஃபோசிங்க்லா என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வரைபடத்தைப் பார்த்தால் நான்கு என்ற கணக்குத் தானே புரியும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் மலையை இரண்டாகப் பிளக்கிறது. அதற்கு வடக்கே நீலகிரிச் சிரிப்பான். மேலும் வடக்கே போனால் சாலியாற்றுப் பள்ளத்தாக்கு குறுக்கிடும், அதற்கு அப்பால் பாணாசுரச் சிரிப்பான். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி, மேகமலை எல்லாம் பழனிச் சிரிப்பானுக்கு. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அகத்தியமலையும் அசம்பு மலையும் அசம்புச் சிரிப்பானுக்கு. ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று வருவதில்லை. உச்சியில் குளிரில் வாழும் குட்டை இறக்கைப் பறவைக்குக் கணவாயின் வெப்பம் கடல் மாதிரி, மலையுச்சிகள் தீவுகள். இதனால்தான் அறிவியலாளர் இவற்றை 'வானத் தீவுகள்' என்கின்றனர். கோயம்புத்தூரிலிருந்து தெளிவான நாளில் வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் ஒரே பார்வையில் தெரியும். மனிதக் கண்ணுக்கு அருகிருப்பது இப்பறவைக்கு எட்டாத் தொலைவு.

பறவையின் முன்னோர் இங்கே எப்படி வந்தனர் என்பது வேறொரு கேள்வி. சிரிப்பான்களின் நெருங்கிய உறவுகள் எல்லாம் இமயத்திலும் அதற்குக் கிழக்கேயும் இருக்கின்றன. இடையே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வறண்ட சமவெளி. இதே பிளான்ஃபோர்டு தொழிலால் நிலவியலாளர், ஒடிசாவின் தால்ச்சேர் பாறைகளில் பழம்பனியாற்றின் தடத்தைக் கண்ட குழுவில் இருந்தவர். பனியுகக் குளிரில் இமயத்து உயிர்கள் தெற்கே இறங்கி வந்து, வெப்பம் திரும்பியபோது மலை ஏறிச் சிக்கிக்கொண்டன என்பது அவர் காலத்து விளக்கம். 1949இல் மீனியலாளர் சுந்தர்லால் ஹோரா, விந்திய–சாத்பூரா மலைத்தொடர் வழியாகவே இந்தப் பயணம் நடந்தது என்று வாதிட்டார். ஓடை மீன்களை வைத்து அவர் சொன்னதற்குப் பறவைகளைத் துணை சேர்த்தவர் சாலிம் அலி, அதில் சிரிப்பான்களும் சான்று. கற்பனைக்கு அழகான வழி. ஆனால் மரபணு அதற்கு ஒத்துழைக்கவில்லை.

வி.வி. ராபின், சி.கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மலைமலையாகச் சென்று வலையிட்டுப் பறவைகளைப் பிடித்து, துளி இரத்தம் எடுத்து, உடனே விட்டுவிட்டு, மரபணுவை ஒப்பிட்டு 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். தென்னிந்தியாவின் நான்கும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள், வெளியே எதனோடும் சேராத தனிக் கிளை. அக்கிளை பிரிந்தது மயோசீன் காலத்தின் பிற்பகுதியில். பனியுகம் என்று நாம் சொல்வது தொடங்குவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்பே இவை இங்கு வந்தாயிற்று. எனவே பனியுகப் பயணம் என்ற கதை சிரிப்பானுக்குப் பொருந்தாது. தனிக்கிளைக்குத் தனிப் பேரினம் வேண்டும் என்று மான்டிசிங்க்லா என்ற பெயரை உருவாக்கினர். மலை என்ற சொல்லும், பூங்குருவி போன்ற பறவைகளுக்கு வழங்கிய ஒரு கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது அது. நான்கும் தனித்தனி இனங்கள் என்பதும் இதனுடன் தீர்ந்தது. தோற்றத்தையும் குரலையும் வைத்து 2012இலேயே பறவை ஆய்வாளர்கள் பிரவீணும் நமீரும் இதே முடிவுக்கு வந்திருந்தனர்.

அதே 2017 கட்டுரையில் இன்னொரு பேரினமும் பிறந்தது. அதன் பெயர் ஷோலிகோலா, 'சோலைவாசி'. நீலகிரியின் சோலைக்கிளி என்னும் நீலப் பறவையும் அதன் உறவுகளும் அதில் அடங்கும். நம் ஊர்ச் சொல் ஒன்று உலக அறிவியல் பெயரில் ஏறியது இப்படி.

சிரிப்பான் என்ற பெயருள்ள எல்லாம் உறவு என்று எண்ண வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவு மழைக்காட்டில் கூட்டமாகத் திரியும் வயநாட்டுச் சிரிப்பான் வேறு கிளை. இலங்கையின் சாம்பல்தலைச் சிரிப்பானைப் புதிய வகைப்பாடு தவிட்டுக்குருவிகளின் பேரினத்துக்கே கொண்டுபோய்விட்டது.

வாழிடம்

சோலை என்றால் நீலகிரியில் பூங்கா அல்ல. மலைச்சரிவுகளின் மடிப்பில், ஓடை பிறக்கும் இடங்களில், புல்வெளி நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. மரங்கள் குள்ளமானவை, கிளைகள் முறுக்கிக்கொண்டவை. தண்டெல்லாம் பாசி, காளான், ஆர்க்கிட் செடிகள். சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் கோடு கத்தியால் வெட்டியது போலிருக்கும். மார்கழி, தை மாத இரவுகளில் புல்வெளியில் உறைபனி படியும். மரக்கன்று அதில் கருகிவிடும், சோலைக்குள் அவ்வளவு குளிர் இறங்குவதில்லை. புல்வெளியும் சோலையும் ஒன்றையொன்று விழுங்காமல் நெடுங்காலமாக நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

சிரிப்பான் சோலையின் நடுக்காட்டை விட ஓரத்தையே விரும்பும். குறிஞ்சிப் புதர், முள்புதர், கொடி பின்னிக் கிடக்கும் வேலி, இவைதாம் இதன் தளம். இதனால் வெள்ளையர் காலத்தில் மலை மாறியபோது சோலைக்கிளி அளவுக்கு இது தவிக்கவில்லை. 1819இல் ஜான் சல்லிவன் மலையேறி ஊட்டியை உருவாக்கத் தொடங்கியபின், ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் தைல மரமும் வந்தன, தேயிலை வந்தது, தோட்டச் செடிகள் வந்தன. சிரிப்பான் பங்களாத் தோட்டத்தின் வேலிக்கு நகர்ந்து வந்து பேரிக்காய் மரத்தையும் பார்த்துக்கொண்டது. ஆனால் பக்கத்தில் எங்கேனும் ஒரு துண்டுச் சோலை இருந்தாக வேண்டும். தைல மரம் மட்டுமே நெருக்கமாக நிற்கும் காட்டில் இதன் சிரிப்பைக் கேட்பது அரிது.

குரலும் கூட்டமும்

இணையாகவோ, ஆறு முதல் பன்னிரண்டு வரை சேர்ந்த கூட்டமாகவோ திரியும். புதருக்குள் ஒன்று மெல்லிய குரலில் தொடங்கும். அடுத்தது சேர்ந்துகொள்ளும். சில நொடிகளில் கூட்டம் முழுவதும் மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும் குரலில் முழங்கி, யாரோ கையமர்த்தியது போல் சட்டென்று நின்றுவிடும். அடுத்த சோலையிலிருந்து வேறொரு கூட்டம் பதில் சொல்லும். கேலிச் சிரிப்பு, குழந்தைகளின் கும்மாளம் என்று பலர் பலவாறு வருணித்திருக்கின்றனர். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மலையில் கூட்டம் கலையாமலிருக்கக் குரல்தான் கயிறு. பழனிச் சிரிப்பானின் குரல் இதனின்று தெளிவாக வேறு. 'பீ-கொக்கோ, பீ-கொக்கோ' என்று தனித்தனி அசைகளாக ஒலிக்கும், கொடைக்கானல் ஏரியோரம் நடந்தவர்களுக்குப் பழக்கமானது.

உணவு

கிடைப்பதை உண்ணும். பூச்சி, புழு, சிலந்தி ஆகியவற்றைச் சருகைப் புரட்டியும் பாசியைக் கொத்தியும் எடுக்கும். பழக்காலத்தில் பழமே பேருணவு. மலை மக்கள் தவிட்டுப்பழம் என்னும் தவிட்டுக் கொய்யா காய்க்கும்போது கூட்டம் புதரைவிட்டு நகராது. இளஞ்சிவப்புப் பூவும் கருநீலப் பழமுமாகப் புல்வெளி ஓரத்தில் நிற்கும் இச்செடியின் விதைகளை எச்சத்தின் வழியே பரப்புவதில் சிரிப்பானுக்குப் பங்கு உண்டு. பூந்தேனையும் பருகும். பழனிச் சிரிப்பான் ஆளுயரத் தண்டில் அடுக்கடுக்காகப் பூக்கும் காட்டுப்புகையிலையில் தலைகீழாகத் தொங்கித் தேன் எடுப்பது மூணாறு பக்கத்தில் சாதாரணக் காட்சி.

இனப்பெருக்கம்

பிப்ரவரியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் குஞ்சுகளைப் பறக்கவிடும் கணக்கு. காரணம் வெளிப்படை. நீலகிரியின் குந்தா பக்கத்து மழை எப்படிப்பட்டது என்றால், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூடு ஆழமான கிண்ணம், புதரிலோ சிறு மரத்தின் கவட்டிலோ தாழ்வாகவே இருக்கும். புல், வேர், பாசி, காய்ந்த இலை ஆகியவற்றால் முடைந்து, உள்ளே மென்மையான நாரும் மயிரும் பரப்பும். பெரும்பாலும் இரண்டு முட்டை, வெளிர்நீலத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். அடைகாப்பதும் ஊட்டுவதும் இருவர் வேலை.

இன்றைய நிலை

நீலகிரியின் உயர்பகுதிகளில் இன்றும் எளிதில் காணத்தக்கது. எல்லை குறுகியது, சோலைகள் துண்டுபட்டவை, மலை வெப்பமானால் மேலே ஏற இடமில்லை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நான்கில் மிக நெருக்கடியில் இருப்பது வயநாட்டின் சில சிகரங்களில் மட்டும் எஞ்சியுள்ள பாணாசுரச் சிரிப்பான். அது உலகச் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக உள்ளது. மற்ற மூன்றும் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன.

காண விரும்புவோர் தொட்டபெட்டா சாலையோரச் சோலைகளிலோ கோத்தகிரி லாங்வுட் சோலையின் ஓரத்திலோ காலையில் கால்மணி நேரம் அசையாமல் நின்றால் போதும். கைபேசியில் பதிவுக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம், கூடு கட்டும் மாதங்களில் அது பறவையை வீணாக அலைக்கழிக்கும்.